தென்னைக்கும் அயினிக்கும் நடுவே ஒரு கம்பி

“வலியம்மா, சேலையத் தொடாம கம்பி எறங்காது. தொடட்டா?”

தென்னை உச்சியிலிருந்து தங்கையன் கேட்டார். ஒரு கை மட்டையைப் பிடித்திருந்தது. இன்னொரு கை நீட்டியபடி நின்றது. அந்தக் கைக்கு ஒரு சாண் தூரத்தில் என் மாமியாரின் ஒன்பது கெஜப் புடவை நனைந்து கனத்து, ஓலைகளுக்குள் சிக்கித் தொங்கிக்கொண்டிருந்தது.

மாமியார் மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தார். மழை அப்போதுதான் தூறலாகக் குறைந்திருந்தது. ஓலை நுனியிலிருந்து சொட்டிய நீர் அவர் முகத்தில் விழுந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. நான் பின்வாசல் படியில் குடையைக் கையில் வைத்துக்கொண்டே நனைந்துகொண்டிருந்தேன். உள்ளே ரேடியோப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்த என் கணவர், “கால் மணிதான் இருக்கு, கால் மணிதான் இருக்கு” என்று ஜன்னல் வழியாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

விஷயம் இதுதான். அது மறுநாள் என் மாமனாரின் திவசத்துக்குச் சமைக்க உடுத்தவேண்டிய மடிப்புடவை. தங்கையன் எங்கள் தோட்டத்தில் தேங்காய் பறிப்பவர். அவர் கை பட்டால் அந்தப் புடவை திவசத்துக்கு ஆகாது என்பது அந்தத் தெருவின் சட்டம். கை படாவிட்டால், கால் மணி நேரத்தில் டில்லியிலிருந்து வரப்போகும் ஒரு குரல் எங்கள் வீட்டுக்கு வந்து சேராது. அந்தக் குரல் மாமியாரின் இளைய பிள்ளையுடையது. மூன்று வருஷத்துக்கு முன் அவர் வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிய பிள்ளை.

(தங்கையனை அன்று நாங்கள் எல்லோரும் ‘அவன்’ என்றுதான் சொன்னோம். என்னைவிட இருபது வயது மூத்தவர். எழுதும்போதாவது திருத்திக்கொள்கிறேன்.)

மாமியார் என்ன பதில் சொன்னார் என்பதற்கு முன்னால், ஒரு புடவைக்கும் டில்லிக்கும் என்ன சம்பந்தம் என்று சொல்லியாக வேண்டும். போன வாரம் என் கல்யாணக் கதையைப் படித்த ஒரு வாசகி, ‘கரமனையில் குடித்தனம் செய்ததை எப்போது எழுதுவீர்கள்’ என்று கேட்டிருந்தார். அம்மா தாயே, இதோ எழுதுகிறேன்.

ஆபீஸ் விலாசத்துக்கு வந்த கடிதம்

யுத்தம் ஆரம்பித்திருந்த சமயம். நான் திருவனந்தபுரத்தில் கரமனை அக்ரஹாரத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்து நாலு வருஷம் ஆகியிருக்கும். முன்னால் தெரு, பின்னால் கிணறு, கிணற்றைத் தாண்டி நீளமாக ஒரு தோட்டம், தோட்டத்தின் கோடியில் ஆறு. காலையில் ஆற்றுப் பக்கமிருந்து வரும் காற்றில் ஈரமண்ணும் துவைகல்லில் கரைந்த சவுக்காரமும் மணக்கும்.

நான் இன்டர்மீடியட்டில் பௌதிகம் படித்தவள். “பெண்ணுக்கு எதற்கு பௌதிகம்?” என்று கேட்டவர்களுக்கெல்லாம் என் அப்பா, “மாவரைக்கும்போது உதவும்” என்று சொல்லி வாயை அடைப்பார். மாவரைக்கும்போது உதவவில்லை. இந்த விவகாரத்தில் உதவியதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

என் கணவருக்கு ஹஜூர் கச்சேரியில், அதாவது மகாராஜா சர்க்காரின் தலைமை ஆபீஸில், குமாஸ்தா உத்தியோகம். தங்கமான மனிதர். பயம் மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி. மேலதிகாரிக்குப் பயப்படுவார், இடிக்குப் பயப்படுவார், அம்மாவுக்குப் பயப்படுவார்.

தம்பி சேஷு நேர் எதிர். பட்டணத்தில் வேலை பார்த்த இடத்தில், நெய்யாற்றின்கரைப் பக்கத்துக் கிறிஸ்தவப் பெண் ஒருத்தியை ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டான். அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அதைக் கடிதத்தில் எழுதாமல் அம்மாவிடம் நேரில் சொல்ல வேண்டும் என்று ரயிலேறி வந்தான். நடையைத் தாண்டி உள்ளே வர முடியவில்லை.

“இந்த ஜன்மத்துல இனி உன் மொகத்துல முழிக்க மாட்டேன். போ.”

அவ்வளவுதான் சொன்னார். சேஷு தெருவில் நின்று, வாசல் கோலத்தை மிதிக்காமல், ஒரு நமஸ்காரம் செய்துவிட்டுப் போய்விட்டான். மாமியார் அழுது நான் பார்த்ததில்லை. ஆனால் அன்றிலிருந்து வீட்டில் சேனை வறுவல் செய்வது நின்றுபோயிற்று. சேஷுவுக்கு அதுதான் உயிர். எனக்கும் பிடிக்கும், கேட்கத் துணிச்சல் வரவில்லை.

மூன்று வருஷம் கழித்து என் கணவரின் ஆபீஸ் விலாசத்துக்கு ஒரு கடிதம் வந்தது. அவர் அதைச் சட்டைப்பைக்குள் வைத்து, கிணற்றடியில் என்னிடம் காட்டினார். சேஷு இப்போது டில்லி ரேடியோவில் தமிழ்ச் செய்தி வாசிக்கிறானாம். ‘அம்மா என் முகத்தைப் பார்க்க வேண்டாம், மன்னி. குரலைக் கேட்டால் என்ன?’ என்று கடைசியில் எனக்கும் ஒரு வரி.

“ரேடியோ வாங்கிடலாமா?” என்றார் இவர். வாழ்க்கையில் அவர் எடுத்த துணிச்சலான முடிவு என்று எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

மகாராஜாவின் மரம்

மாற்றலாகிப் போன ஒரு இன்ஜினீயர் விட்டுச்சென்ற பெட்டி கிடைத்தது. வார்னிஷ் வாசனையும் சூடான தூசி வாசனையும் கலந்து அடிக்கும். மாமியாரிடம் ‘யுத்தச் செய்தி கேட்க’ என்று சொல்லி வைத்தோம். அவர் தூரத்தில் நின்று பார்த்தார்.

“யார் யார் கையெல்லாம் பட்டதோ. என் அடுக்களைப் பக்கம் கொண்டு வரப்படாது, கேட்டியோ.”

பெட்டியோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தை நான் தலைகீழாகப் படித்தேன். உயரமான இரண்டு இடங்களுக்கு நடுவே செம்புக் கம்பி கட்ட வேண்டும். அதற்கு ஏரியல் என்று பெயர். இரண்டு முனையிலும் பீங்கான் முட்டை ஒன்றைக் கோத்து, கம்பி வேறு எதிலும் படாமல் ஆகாசத்தில் நிற்கவேண்டும். ஒரு முனையிலிருந்து இன்னொரு கம்பி இறங்கி ஜன்னல் வழியாகப் பெட்டிக்கு வரும். எவ்வளவு உயரமோ அவ்வளவு நல்லது.

சீமையில் அதற்குக் கம்பம் நடுவார்கள் போலிருக்கிறது. திருவனந்தபுரத்தில் யாராவது கம்பம் நடுவார்களா? எங்கே திரும்பினாலும் மரம்.

கிணற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு தேக்கு, விளக்குத் தண்டு போல நேராக நின்றது. அதில் ஓர் ஆணி அடித்தால் போதும் என்றேன். இவருக்கு முகம் வெளுத்துவிட்டது.

“தேக்கு ராஜமரமாக்கும்! உனக்குத் தெரியாதா? நம்ம தோட்டத்துல நின்னாலும் அது மகாராஜாவோட மரம். ஆணி அடிச்சா கேஸ்!”

உண்மைதான். தேக்கும் ஈட்டியும் சந்தனமும் அந்த நாளில் யார் நிலத்தில் முளைத்தாலும் சர்க்காருக்குச் சொந்தம். வெட்டத்தான் அனுமதி வேண்டும், ஆணி அடிக்க வேண்டுமா என்று எந்தச் சட்டத்திலும் இருந்திருக்காது. ஆனால் ஹஜூர் கச்சேரி குமாஸ்தாவுக்கு, இல்லாத சட்டத்துக்குத்தான் பயம் அதிகம். ஒரு மனு எழுதிப்போட்டு அனுமதி கேட்கலாம் என்றார். அந்த மனு பத்து மேஜைகளைத் தாண்டுவதற்குள் யுத்தமே முடிந்துவிடும் என்று நான் சொன்னேன்.

ஆகவே தேக்கு பிழைத்தது. கிணற்றடி அயினி மரத்தையும் தோட்டத்துக் கோடியில் நின்ற உயரமான தென்னையையும் தேர்ந்தெடுத்தோம். அயினி என்பது பலாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. பழம் சின்னது, மரம் பிரம்மாண்டம். ஏறுவதற்குத் தங்கையனை அழைத்தோம்.

மரங்கள் ஒன்றுபோல ஆடாது

தங்கையனுக்கு ஊர் பாறசாலைப் பக்கம். காலில் தளையை மாட்டிக்கொண்டு, இடுப்பில் அரிவாளோடு அவர் மரம் ஏறுவதைப் பார்த்தால் மரம்தான் கீழே இறங்குகிறதோ என்று தோன்றும். கம்பியைக் கையில் வாங்கி, இரண்டு மரங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

“கொச்சம்மா, இறுக்கிக் கெட்டினா பொட்டிப் போவும்.”

பொட்டிப் போவும் என்றால் அறுந்துபோகும். கொச்சம்மா என்றால் சின்ன அம்மா. மாமியார் வலியம்மா, பெரிய அம்மா.

“புஸ்தகத்துல இறுக்கமாக் கட்டணும்னுதான் போட்டிருக்கு” என்றேன் நான், படித்தவள் என்கிற கர்வத்தோடு.

இறுக்கிக் கட்டினோம். மறுநாள் மத்தியானம் ஆற்றுக் காற்று அடித்தது. ‘டிங்’ என்று ஒரு சத்தம். தோய்த்துக்கொண்டிருந்த நான் ஓடிப்போய்ப் பார்த்தால் கம்பி அறுந்து வாழைக்கன்றுகளின் மேல் சுருண்டு கிடக்கிறது.

தங்கையன் திரும்ப வந்தபோது ‘நான் அப்பவே சொன்னேனே’ என்று சொல்லவில்லை. அதற்காகவே அவர் மேல் எனக்கு மரியாதை வந்தது.

“தெங்கும் அயினியும் ஒருபோல ஆடாது, பாத்துக்கிடுங்க. இது அங்க சாயும், அது இங்க நிக்கும். நடுவுல கெடந்து கம்பி என்ன செய்யும்? தெங்குல ஒரு கப்பி போடுவோம். கயிறு கப்பி வழியா எறங்கி வரட்டும். அடியில ஒரு கல்லைத் தொங்க விட்டா, மரம் ஆடும்போ கல்லு கேறும், எறங்கும். கம்பி அனங்காது. விழிஞ்ஞத்துல என் மச்சான் வள்ளத்துக்குப் பாய் ஏத்துறதும் கப்பியிலதான்.”

கிணற்றின் பழைய கப்பி தென்னை உச்சிக்குப் போயிற்று. ஒரு உடைந்த அம்மியின் பாதி கீழே தொங்கியது. கம்பியைத் துடைக்க வேண்டுமானால் கல்லை அவிழ்த்துவிட்டுக் கயிற்றை மெல்ல விட்டால் போதும், கம்பியின் அந்த முனை கைக்கு எட்டுமளவு இறங்கி வரும். காற்றடித்தபோது நான் போய்ப் பார்த்தேன். அம்மிக்கல் பெருமூச்சு விடுவதுபோல மேலே போய்க் கீழே வந்துகொண்டிருந்தது. கம்பி கோடு போட்டதுபோல அசையாமல் நின்றது. ஒரு இங்கிலீஷ் புத்தகத்திலும் இல்லாத அழகு.

வேலை முடிந்ததும் தங்கையன் ஒரு கேள்வி கேட்டார்.

“கொச்சம்மா, இப்பம் இந்தக் கம்பியில பேச்சு ஓடுதா?”

“ஓடறது.”

“பெட்டிய அடைச்சு வச்சிருக்கும்போதும்?”

“அப்பவும்.”

“அப்ப ஆரும் கேக்காம விட்டா, அவிய பேசினதெல்லாம் எங்க போவும்?”

நான் விழித்தேன். எங்கள் கல்லூரிப் பேராசிரியையும் விழித்திருப்பார். பதில் கிடைக்காததால் தங்கையன் தென்னை மரத்தில் காதை வைத்துக் கேட்டுப் பார்த்தார். சிரித்துவிட்டுப் போனார். அவர் போனபிறகு யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு நானும் காதை வைத்துக் கேட்டேன்.

அன்று அவருக்குப் பின்வாசலில் மோர் கொடுத்தோம். தேங்காய்ச் சிரட்டையில், எட்டி நின்று, உயரத்திலிருந்து ஊற்றி. ஊற்றியவள் நான்தான். கோயில்களை எல்லோருக்கும் திறந்துவிட்டுச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. எங்கள் வீட்டுப் பின்வாசல் திறக்கவில்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கேட்டதும் கேட்காமல் போனதும்

முதலில் எண்ணெயில் கடுகு வெடிப்பதுபோலச் சத்தம். அப்புறம் ஒரு மனிதர் எங்களுக்குத் தெரியாத ஏதோ பாஷையில் ஆவேசமாகப் பேசினார். அவர் பேசி முடிக்கும்வரை இவரும் நானும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தோம். நடுவில் எழுந்துபோனால் அவர் தப்பாக நினைப்பாரோ என்று இவருக்குக் கவலை.

இரண்டாம் நாள் சாயங்காலம் டில்லி கிடைத்தது. தமிழ்! வாசித்தவர் வேறு யாரோ. சேஷுவின் முறை அடுத்த வாரம். நாங்கள் காத்திருந்தோம்.

அடுத்த வாரம் டில்லியைக் காணோம். காலையில் பெட்டியைத் திருப்பினால் கொழும்பு வருகிறது, லண்டன் வருகிறது, எல்லாம் கிண்ணென்று வருகிறது. சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்தில் எல்லாம் கிணற்றுக்குள் போய்விடுகின்றன. இவர் வால்வுகளைத் துடைத்தார். நான் மண்ணில் புதைத்திருந்த எர்த் கம்பிக்கு மூன்று குடம் தண்ணீர் ஊற்றினேன். பெட்டிக்கு மாலைக்கண் என்று நான் சொன்னதற்கு இவர் சிரிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை ஆபீஸுக்கு இன்னொரு கடிதம் வந்தது. யுத்த வேலையாகச் சேஷுவைக் கடல் தாண்டி எங்கேயோ அனுப்புகிறார்கள். எங்கே என்று எழுதக் கூடாதாம். இரண்டு வாரத்தில் கிளம்ப வேண்டும். வருகிற வெள்ளிக்கிழமை வாசிப்பதுதான் கடைசி. கப்பல்கள் முழுகிக்கொண்டிருந்த காலம் அது.

வெள்ளியன்று அம்மாவை எப்படியாவது பெட்டியின் முன்னால் உட்கார வைத்துவிட வேண்டும் என்று முடிவு செய்தோம். பெட்டியோ புதனன்றும் வாயைத் திறக்கவில்லை, வியாழனன்றும் திறக்கவில்லை.

காக்கை தொடாத கொடி

இந்த இடத்தில் என் அசட்டுத்தனத்தை ஒப்புக்கொள்ள வேண்டும்.

மடி என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. சாயங்காலம் புடவையைத் துவைத்து, யாரும் எதுவும் தொடாத இடத்தில் உலர்த்தி, மறுநாள் குளித்துவிட்டு உடுத்திக்கொள்ள வேண்டும். வழக்கமாக உத்தரத்துக்குக் கீழே கட்டிய மூங்கிலில், கோலால் தூக்கிப் போடுவார்கள். ஐப்பசி மழையில் அது காயாது. புளித்த வாடை அடிக்கும்.

என் மாமியார் பள்ளிக்கூட வாசலை மிதித்தவரல்ல. ஆனால் தங்கையன் கல்லை அவிழ்த்துக் கம்பியை இறக்கி ஏற்றுவதை அடுக்களை ஜன்னல் வழியாக ஒருமுறை பார்த்தார். ஒருமுறை போதுமாக இருந்தது.

ஆற்றில் நனைத்த புடவையைக் கொண்டுவந்து, கம்பியை இறக்கி, தலைப்பைக் கம்பியில் முடிந்து பரத்திவிட்டு, திரும்பவும் மேலே ஏற்றிவிட்டார். ஈரப்புடவையின் கனத்துக்கு ஈடாக அம்மிக்கல்லோடு இன்னொரு கல்லையும் கட்டிவிட்டார். ராத்திரி மழை விட்டு ஆற்றுக் காற்று அடித்ததில், காலையில் இறக்கும்போது புடவை அப்பளமாய்க் காய்ந்திருக்கும்.

“காக்கா தொடாது, பூனை தொடாது, தெருக் கொழந்தைகள் தொடாது. உன் ஆம்படையானும் எட்டித் தொட மாட்டான். இதுக்கு மேல என்னடி மடி வேணும்?” என்று என்னிடமே பெருமையாகச் சொன்னார். நானும் தலையாட்டினேன்.

ஆமாம், எனக்குத் தெரியும்! தினம் பார்த்தேன். இவரும் பார்த்தார். புடவை அங்கே பறப்பதைப் பார்த்துக்கொண்டே உள்ளே வந்து வால்வைத் துடைத்தார். மின்சாரத்தைச் சந்தேகப்பட்டோம், டில்லியைச் சந்தேகப்பட்டோம், ஹிட்லரைக்கூடச் சந்தேகப்பட்டோம். மடியைச் சந்தேகப்பட வேண்டும் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு இடி மழை. மழைக்கு முன்னாலேயே மாமியார் திவசப் புடவையை ஏற்றியிருந்தார். காற்று அதை ஓலைக்குள் செருகிவிட்டது. அவர் இறக்கப் பார்த்தபோது கயிறு கப்பியை விட்டு விலகி இறுகிக்கொண்டது. நான் தெருக்கோடிக்கு ஆளனுப்பித் தங்கையனை அழைத்தேன். கம்பியில் ஏதோ கோளாறு, மேலே ஏறிப் பார்க்கட்டும் என்பது என் கணக்கு.

அவர் வந்து நின்றார். அண்ணாந்து பார்த்தார்.

“நனஞ்ச சேலை கம்பியில கெடக்குது, தெங்குலயும் கெடக்குது. பின்ன எப்பிடி கொச்சம்மா பெட்டிக்கு வரும்? எல்லாம் மரத்துல எறங்கிப் போவும்லா?”

பௌதிகம் படித்தவள் நான். பூமி பிளந்து என்னை விழுங்கிவிடக் கூடாதா என்றிருந்தது. ஆகாசத்திலிருந்து வந்த குரல்களெல்லாம் ஈரப்புடவை வழியாகத் தென்னைக்குள் இறங்கி, வேருக்குப் போய்க்கொண்டிருந்தன, ஒரு வாரமாக.

கால் மணி

மாமியாரிடம் சொல்லாமல் முடியாது என்று ஆகிவிட்டது. இவர் பெட்டிக்குப் பின்னால் போய் வால்வைத் துடைக்க ஆரம்பித்ததால் நான்தான் சொன்னேன்.

“அம்மா, இன்னிக்குச் சேஷு பேசப்போறான். டில்லிலேருந்து, அந்தப் பெட்டில. அதுக்காகத்தான் இத்தனையும். பத்து நாள்ல கப்பலேறிப் போறான். எங்கேன்னு யாருக்கும் தெரியாது.”

அவர் கண் என் மேல் நிலைத்து நின்றது. இத்தனை நாள் ஏமாற்றிவிட்டாயே என்று ஒரு வசவாவது வரும் என்று எதிர்பார்த்தேன்.

“எப்போ?”

“விளக்கு வைக்கற நேரத்துக்கு.”

உடனே தோட்டத்துக்கு நடந்தார். மழையில் நனைந்த தென்னை வழுக்கும், வேண்டாம் என்று நான் சொல்வதற்குள் தங்கையன் பாதி மரம் ஏறியிருந்தார். மேலே போய்க் கோலால் தள்ளிப் பார்த்தார். புடவை அசையவில்லை. அதை எடுத்தால்தான் கயிற்றைக் கப்பிக்குள் திரும்ப வைக்க முடியும். கயிற்றை அறுத்தால் கம்பியே விழுந்துவிடும்.

அப்போதுதான் அவர் கேட்டார், தொடட்டா என்று.

மாமியாரிடம் அப்போது இருந்த ஒரே நல்ல மடிப்புடவை அது. மறுபடி நனைத்துப் போட்டால் அந்த மழையில் விடிவதற்குள் காயாது. பிள்ளையை எதற்காக வாசலோடு அனுப்பினாரோ, அந்த ஆசாரம் முழுவதும் மரத்தின் மேல் ஈரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. நான் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“தொட்டு எடு, தங்கையா” என்றார். “கிழிஞ்சாலும் பாதகமில்லை. நீ பார்த்துப் பிடிச்சுண்டு இறங்கு.”

தங்கையன் புடவையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டார். கயிறு கப்பியில் ஏறியது. கம்பி ஒரு உதறு உதறிவிட்டு நேராக நின்றது. உள்ளேயிருந்து இவர் கத்தினார். “வரது! வரது!”

பெட்டியைத் தூக்கிப் பின்ஜன்னலில் வைத்தோம். மாமியார் தாழ்வாரத்துக்கு வெளியே, இறவானத்துத் தண்ணீர் சொட்டும் இடத்தில் நின்றார். மூன்றடி தள்ளி, தோளில் புடவையோடு தங்கையன்.

சேஷுவின் குரல் வந்தது. நம் வீட்டுப் பிள்ளை, நம் தோட்டத்தில், ஆள் இல்லாமல் பேசுகிறான். அவன் வீட்டுச் சமாசாரம் ஒன்றும் சொல்லவில்லை. எங்கேயோ பாலம் உடைந்ததையும் எங்கேயோ படை நகர்ந்ததையும் நிறுத்தி நிதானமாக வாசித்தான். நடுவில் ஒருதரம் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

“தொண்டை கட்டிண்டிருக்கு” என்றார் மாமியார். பக்கத்தில் நின்றது தங்கையன்தான். அவரிடம்தான் சொன்னார்.

“ஆமா வலியம்மா. சளி நல்லா எறங்கியிருக்கு.”

“டில்லில இப்போ பனியாக்கும்.”

“சொல்லவா வேணும்.”

செய்தி முடிந்தது. யாரோ வீணை வாசிக்க ஆரம்பித்தார்கள். மாமியார் கையை நீட்டினார். கீழே வை என்று சொல்லவில்லை. தங்கையன் தயங்கித் தயங்கி நீட்டிய புடவையை அவர் கையிலிருந்தே வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

மறுநாள் விடியுமுன் ஆற்றில் அந்தப் புடவையோடு முழுகி எழுந்து, ஈரமாகவே உடுத்திக்கொண்டு சமைத்தார். ஈரப்புடவையும் மடிதான், உடம்பு தாங்கினால். அடுப்படியில் அவர் மேலிருந்து ஆவி பறந்ததை நான் பார்த்தேன். திவசம் ஒரு குறையுமில்லாமல் நடந்தது. பிண்டம் வைத்து, பிராமணர்கள் சாப்பிட்டு எழுந்து, வீடு ஓய்ந்தபோது மாமியாருக்குத் தும்மல் தொடங்கியிருந்தது.

கஷாயத் தம்ளரைக் கையில் பிடித்தபடி என்னைக் கூப்பிட்டார்.

“பாகீ, பேனாவும் கடுதாசும் எடுத்துண்டு வா.”

“சேஷுவுக்காம்மா?”

“அவனுக்கு எழுதி என்ன பிரயோஜனம்? அவனா வெச்சுக் குடிக்கப் போறான்? கப்பலேறறதுக்கு முன்னாடி நாலு வேளையாவது உள்ள போகணும். சுக்கு ஒரு துண்டு, மிளகு பதினஞ்சு. சுக்கைத் தட்டிப் போடணும், பொடி பண்ணப்படாது. எழுதிண்டியா?”

“யாருக்குன்னு எழுதறது?”

தம்ளரைக் கீழே வைத்தார்.

“அந்தப் பொண்ணு பேரென்னடி?”

“எஸ்தர்.”

வாய்க்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

“முதல்லேருந்து எழுது. ‘சிரஞ்சீவி சௌபாக்கியவதி எஸ்தருக்கு அநேக ஆசீர்வாதம்.’ அதுக்கப்புறமாக்கும் சுக்கு.”